துணைப்பணித் தரங்காண் நூற்பா: மூலமும் விளக்கவுரையும்

பாயிரம்

இடர்ப்பட்ட மக்களுக்கு ஊரளவில் நின்று கைகொடுக்கும் பணிகளின் தரத்தை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும் என்பதைக் கூற எழுந்தது இந்நூற்பா. இதன் பொருள் ஒருவர் தம் மதியால் ஆக்கிக்கொண்டதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னி மாவட்டங்களில், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தொட்டு, போர் முடிந்த 2009 மே மாதத்துப் பேரழிவு, செட்டிகுளத்து மனிக்பாம் முகாம், மீள்குடியேற்றம், 2018 டிசம்பர் வெள்ளம் ஈறாகப் பணி செய்தாரும் பணி பெற்றாரும் பட்டறிந்தது. யாப்பு மட்டுமே இவ்வுரைக்கெனச் செய்யப்பட்டது. நூலும் உரையும் ஒரு கையாற் செய்தல் இலக்கண விளக்கம் இயற்றிய வைத்தியநாத தேசிகர்க்கும் உடன்பாடாதலின், ஈண்டும் அது குற்றமன்று என்க.

மூலம்

இடருறு மாந்தர்க் கிசைந்த துணைப்பணி
தரமறி காலைத் தன்கணக் கொழித்து
வந்தோர் தம்மொடு வாரார்த் தேடி
உற்ற பொழுதே உறைவிடம் அணுகிச்
செவியுறக் கேட்டுச் செப்பா தோம்பிப்
பிறர்வழி உய்த்தும் பின்தொடர்ந் தறிந்து
ஊறு பிறவா துறுதுணை செய்து
தந்தார் அகலினும் தளரா தாயின்
நன்றென மொழிப நலிந்தோர்
சொல்லே அதற்குச் சான்றெனத் துணிந்தே.

கருத்தும் முடிபும்

என்பது என் நுதலிற்றோ எனின், துணைப்பணி இன்னது நன்று என்று துணிதற்குரிய இலக்கணமும், அத்துணிபுக்குச் சான்றாவது யார் சொல் என்பதும் உணர்த்துதல் நுதலிற்று.

‘ஒழித்து’ என்னும் எச்சம் ‘மொழிப’ என்னும் முற்றோடு முடியும்; ஒழிப்பவர் ஆராய்வார் ஆதலின். தேடி, அணுகி, கேட்டு, ஓம்பி, அறிந்து, செய்து என்பன ‘தளராதாயின்’ என்பதனோடு முடியும். அவை பணியின் தொழில் ஆதலின். ஈற்றடிகளை, ‘நலிந்தோர் சொல்லே அதற்குச் சான்றெனத் துணிந்து, நன்றென மொழிப’ என மாற்றிக் கூட்டுக. மொழிதற்கு எழுவாயாகிய ‘அறிந்தோர்’ என்பது வருவித்து உரைக்கப்பட்டது.

இனிச் சொற்றொறும் பொருள் காண்பாம்.

1. இடருறு மாந்தர்க்கு இசைந்த துணைப்பணி

இடர் – தாங்கும் வலியைக் கடந்து வரும் துன்பம். உறு – அடையும். இடருறு மாந்தர் என்பது வினைத்தொகை. இடர் உற்ற மாந்தர், உறுகின்ற மாந்தர், உறும் மாந்தர் என முக்காலமும் விரியும். ‘இடருற்ற’ என்று இறந்தகாலத்தால் அடைத்துக் கூறாது தொகையாக வைத்தது, மூவகையாரையும் தழுவுதற்கு. போரில் கால் இழந்தாரும், கணவனையோ மகனையோ காணாமலாக்கக் கொடுத்தாரும் உற்றவர். இன்றிரவு அடிபடும் மனைவியும், கிழமைக் கடன் கட்ட வழியின்றி வீட்டின் பின்புறம் ஒளியும் தாயும் உறுகின்றவர். குளத்தின் வான்பாயும் வழியில் தற்காலிகக் கொட்டில் போட்டிருப்பார் உறும் மாந்தர். போருக்குப் பின் எழுந்த பணிகள் பல, உற்றவரையே நோக்கி ஏனை இருதிறத்தாரையும் நோக்காது விட்டன. ஆராய்வான் முதற்கண் வினவ வேண்டியது, இப்பணி மூன்று காலத்து இடரையும் கண்டதோ என்பது.

மாந்தர் – மக்கள். ‘பயனாளி’ என்பது செயற்றிட்ட வழக்கு. நூற்பா அதனைக் கொள்ளாது மாந்தர் என்றது, உதவி பெறுதற்கு முன்னும் பெற்ற பின்னும் அவர் குடும்பமும் ஊரும் உரிமையும் உடையார் என்பது தோன்றற்கு.

இசைந்த – பொருந்திய. எதனோடு பொருந்திய எனின், அவர் மொழி, வழக்கு, வழிபாடு, வாழ்தொழில் ஆகியவற்றோடு என்க. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007-இலும் 2010-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், வடபுலத்து நேர்ந்தது தனியொருவர் உள்ளத்துக் காயம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் சேர்ந்துற்ற கூட்டுக் காயம் என்று நிறுவினார். பின்னையது வன்னி மக்களைப் பற்றியதே. அங்ஙனமாயின் ஒருவரை அறையில் இருத்தி ஆறுதல் உரைப்பது மட்டும் இசைந்த பணியாகாது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஊர் கூடுதலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் மீள இயங்குதலும், இறந்தார்க்கு முறைப்படி கடன் கழித்தலும் மருந்தின் பாற்படும். 2007-இல் வெளிவந்த, ஐ.நா. அமைப்புகளும் ஏனைத் தொண்டமைப்புகளும் கூடி வகுத்த உளசமூக வழிகாட்டி, துணையை நான்கு அடுக்காக வைத்தது: அடியில் உணவும் பாதுகாப்பும், அதன்மேல் குடும்பமும் ஊரும், அதன்மேல் பயின்றார் செய்யும் துணை, உச்சியில் மருத்துவர் பணி. அடியடுக்கு இன்றி உச்சி நில்லாது என்பது அதன் கருத்து.

2. தரமறி காலைத் தன்கணக்கு ஒழித்து

தரம் – தகுதி. அறி காலை – அறியும் பொழுது, இதுவும் வினைத்தொகை. ‘குற்றங்காண் காலை’ என்னாது ‘தரமறி காலை’ என்றமையால், ஆராய்ச்சி பழிதூற்றலும் புகழ்பாடலும் ஆகாது என்பது பெற்றாம்.

தன்கணக்கு – பணி தன்னைப்பற்றித் தானே எழுதிய கணக்கு. தன் என்பது ஈண்டுப் பணியைச் சுட்டியது. ஒழித்து – நீக்கி. நடத்திய பயிற்சி இத்தனை, வந்தோர் இத்தனை பேர், கொடுத்த கோழிக்குஞ்சு இத்தனை, செலவிட்ட தொகை இவ்வளவு என்பன தன்கணக்காம்.

அஃது ஒழிக்கப்படுதல் என்னை, பொய்யாகலினோ எனின், அன்று. மெய்யாயினும் அது செய்தவர் செயலை அளக்குமேயன்றிப் பெற்றவர் நிலையை அளவாது. விதைத்த நெல்லின் மூடையை எண்ணி விளைச்சல் இவ்வளவு என்பாரை வன்னிக் கமக்காரர் ஒப்பார். ‘ஒழித்து’ என்றது எரித்துவிடுதல் அன்று. தீர்ப்புக்கு அடிப்படையாகக் கொள்ளாமை என்க. செலவுக் கணக்கு வேறிடத்துத் தணிக்கைக்கு உதவும்.

இதற்குக் காட்டு: 1995-இல் இலங்கையில் தற்கொலை இறப்பு, மக்கள் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்னும் அளவில் இருந்தது. அவ்வாண்டு தொட்டு நச்சுமிக்க பூச்சிகொல்லி வகைகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட, பின்வந்த இருபதாண்டு அளவில் அவ்விறப்பு 70 விழுக்காட்டளவு வீழ்ந்தது. அத்தடையின் பயனை அறிந்தோர், ஒட்டிய சுவரொட்டிகளையும் நடத்திய கூட்டங்களையும் எண்ணி அறியவில்லை. எஞ்சிய உயிர்களை எண்ணி அறிந்தனர். கணக்கு என்பது பெற்றவர் பக்கத்தில் நின்று எண்ணப்படுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

3. வந்தோர் தம்மொடு வாரார்த் தேடி

வந்தோர் – பணியை நாடி வந்தவர். வாரார் – வாராதவர். ‘வாரார்த் தேடி’ என்புழி இரண்டனுருபு தொக்கு வலிமிக்கது. வாராரைத் தேடி என விரிக்க. ‘தம்மொடு’ என்பதில் தம் சாரியை. ஒடு எண்ணின்கண் வந்தது. வந்தோரை முன்வைத்து அவரோடு வாராரையும் ஒரு தட்டில் வைத்தமையால், இருவரும் பணிக்குச் சமமாக உரியர் என்பது கருத்து.

வாராமைக்குக் காரணம் நான்கு. தூரம், அச்சம், நாணம், அறியாமை என்பன.

தூரமாவது: 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ 92,000, பரப்போ 2,600 சதுர கிலோமீற்றரின் அளவினது. யாழ்ப்பாண மாவட்டத்து ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றரில் 5,80,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஒரே அளவு உத்தியோகத்தரையும் ஒரே அளவு எரிபொருளையும் இரண்டிடத்தும் கொடுத்தல் சமனாகாது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்பில் உள்ளாள் ஒருத்தி மாதாந்தக் கிளினிக்குக்கு வருதல் வேண்டும் என்று வைத்துக்கொள்க. விடியற்காலைப் பேருந்தைத் தவறவிட்டாள் ஆயின் அன்று வரவே இயலாது. வந்தாள் ஆயின் ஒருநாட் கூலி போம். இருமாதம் வாராதொழியப் பதிவேட்டில் அவள் பெயர்க்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதப்படும். அச்சொல் அவள் குற்றமாக நிற்கும். பேருந்தின் குற்றம் அதில் எழுதப்படுவதில்லை.

அச்சமாவது: போருக்குப் பின் புனர்வாழ்வு முகாம் கண்டு மீண்ட முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவருட் பலர், பெயரும் விலாசமும் எழுதக் கேட்கும் எவ்விடத்தும் செல்ல அஞ்சினர். விசாரணைக்கும் துணைக்கும் வேற்றுமை அறியமாட்டாத சூழல் ஆதலின். நாணமாவது, வீட்டு வன்முறையும் மனநோயும் வெளிச்சொல்லத் தகாதன என்று ஊர் விதித்தமை. அறியாமையாவது, தமக்கு உரியது உண்டு என்பதை அறியாமை.

தேடி – நாடிச் சென்று கண்டு. ‘எண்ணி’ என்னாது ‘தேடி’ என்றது, வாராதார் தொகையைக் குறித்துவைத்தல் மட்டும் போதாது, வாராமையின் காரணத்தையும் கண்டு நீக்குதல் வேண்டும் என்பது கருதி.

4. உற்ற பொழுதே உறைவிடம் அணுகி

உற்ற பொழுது – இடர் வந்த அப்பொழுது. ஏகாரம் பிரிநிலை; பிற பொழுதினின்று பிரித்தது. பொழுது இருவகைத்து: இடர்ப் பொழுதும் நினைவுப் பொழுதும்.

இடர்ப் பொழுதுக்குக் காட்டு 2018 டிசம்பர் 21-ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழை. இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தங்கின. அவ்விரவில் சோற்றுப் பொதி விரைந்து வரும், அது நன்று. ஆயின் சக்கரநாற்காலியில் இருப்பாரை வகுப்பறைப் படியேற்றியவர் யார், மனநோய்க்கு நாடோறும் குளிசை உண்பாரின் கிளினிக் கொப்பி நனைந்து கிழிந்தபின் அவர்க்கு மறுநாட் குளிசை எங்ஙனம் கிடைத்தது, பெண்கள் இரவில் மலசலகூடம் செல்ல விளக்கு இருந்ததா என வினவுவதே தரமறிதல்.

நினைவுப் பொழுதாவது, இடர் கடந்தும் நாள் வந்து வருத்துவது. மே மாதம், போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் மாதம். அம்மாதத்து வன்னி வீடுகளில் உறக்கம் குறையும். காணாமலாக்கப்பட்டவன் பிறந்தநாளும், அவனைக் கையளித்த நாளும் அத்தகையன. ஆண்டுத் திட்டத்தை சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிக்கும் நிறுவனம், மே மாதத்தை ஏனைய மாதம் போலவே எண்ணுமாயின், ‘உற்ற பொழுதே’ என்பதில் வழுவிற்று என்க.

உறைவிடம் – வாழும் இடம். அணுகி – அண்டிச் சென்று. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் இருத்தல் வேண்டுவதே. ஆயினும் நூற்பா ‘அலுவலகம் அமைத்து’ என்னாது ‘உறைவிடம் அணுகி’ என்றது. படலை வரை செல்லும் குடும்பநல உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் இடரை முதலிற் காண்பர். அவரைப் பயிற்றுதலே அணுகுதலின் தொடக்கம்.

தொலைபேசி வழியாக அணுகலாகாதோ எனின், ஆம், ஒருபுடை ஆகும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, மகளிர்க்கான 1938, சிறுவர்க்கான 1929 என்னும் இலக்கங்கள் உயிர் காப்பன. ஆயினும் இலக்கத்தைச் சுவரில் ஒட்டியதனால் அணுகியதாகாது. நள்ளிரவில் அழைத்தாள் ஒருத்திக்குத் தமிழில் மறுமொழி கிடைத்ததா, அவள் கைப்பேசியில் அலைவரிசை இருந்ததா, அக்கைப்பேசி அவள் கையில் இருந்ததா, கணவன் கையில் இருந்ததா என்பன அறிந்தபின்னரே அணுகல் என்னும் சொல் பொருள்படும்.

5. செவியுறக் கேட்டுச் செப்பாது ஓம்பி

செவியுற – செவியிற் பொருந்த. கேட்டல் செவியின் தொழிலாகவே இருப்பச் ‘செவியுற’ என்று மிகைபடக் கூறியது என்னை எனின், வினாக்கொத்தில் அடுத்த வினாவை நோக்கிக்கொண்டு கேட்பதும் கேட்டலெனப்படுதலின், அதனை விலக்குதற்கு என்க. சொல்லுவார் நிறுத்துமிடத்து நிறுத்தி, அழுமிடத்து அமைந்து, அவசரப்பட்டு அறிவுரை கூறாது இருத்தல் செவியுறக் கேட்டலாம்.

செப்பாது – பிறர்க்குச் சொல்லாது. ஓம்பி – காத்து. வாயாற் செப்பாமை எளிது. செயலாற் செப்பாமை அரிது. முற்றத்து மாமர நிழலில் பிளாஸ்ரிக் கதிரை இரண்டு போட்டு உரையாடுங்கால், வேலிக்கப்பால் அயலவள் நிற்பாள். செயற்றிட்டத்தின் பெயர் பொறித்த மோட்டார் சைக்கிள் படலையில் நிற்பதே ஊருக்கு ஒரு செய்தி. ‘வன்முறைக்குள்ளான பெண்களுக்கான தையற்பயிற்சி’ என்று பதாகை கட்டினால், உள்ளே நுழையும் ஒவ்வொருத்தியும் தன் கதையைத் தெருவுக்குச் சொன்னவள் ஆவாள். வைத்தியசாலைகளில் இயங்கும் ‘நட்பு நிலையம்’ அப்பெயரைப் பூண்டது இவ்வாற்றான் சிறந்தது. காயத்தின் பெயரைக் கதவில் எழுதாமையின்.

கேட்டலை முன்னும் ஓம்பலைப் பின்னும் வைத்த முறையென்னை எனின், கேளாதார்க்கு ஓம்புதற்கு ஒன்றும் இல்லை. ஓம்பாதார்க்கு மறுமுறை கேட்டற்கு ஒருவரும் இலர்.

6. பிறர்வழி உய்த்தும் பின்தொடர்ந்து அறிந்து

பிறர்வழி – வேறு சேவையினிடத்து. உய்த்தும் – செலுத்தியும். உம்மை இழிவின்கண் வந்த சிறப்பு. உய்த்ததனோடு கடன் தீர்ந்ததென்று கருதுவாரை நோக்கிற்று. பின்தொடர்ந்து அறிந்து – சென்றடைந்தனரா என்பதைத் தொடர்ந்து நோக்கித் தெளிந்து.

ஒருவர் எல்லாம் செய்தல் இயலாமையின் உய்த்தல் வேண்டும். அடிபட்ட ஒருத்திக்குரிய வழி இது: கிராம அலுவலரிடத்தினின்று பிரதேச செயலகம்; ஆண்டுநின்று வைத்தியசாலை; பின்னர்ப் பொலிசாரின் பெண்கள் சிறுவர் பணியகம்; சட்ட உதவி ஆணைக்குழு; நீதவான் நீதிமன்றம். 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் முதலில் 14 நாளளவும் இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதத்தின் மேற்படாத பாதுகாப்புக் கட்டளையும் பிறப்பிக்கலாம். வழி நேரியதே. ஆயினும் ஒவ்வோர் இடத்தும் அவள் தன் கதையை முதலிலிருந்து சொல்கின்றாள். ஒவ்வோர் இடத்தும் ‘நாளை வாங்கோ’ என்னும் சொல் காத்திருக்கும். இரண்டாம் இடத்தில் அவள் நின்றுவிட்டாள் ஆயின், முதலாம் இடத்துப் பதிவேடு ‘அனுப்பப்பட்டது’ என்று எழுதி அமைதியுறும். ஐந்தாம் இடமோ அவளை அறியவே அறியாது. அனுப்பியவர் எண்ணிக்கையும் அடைந்தவர் எண்ணிக்கையும் அருகருகே வைத்து நோக்குதலே இவ்வடியின் பயன்.

7. ஊறு பிறவாது உறுதுணை செய்து

ஊறு – தீங்கு. பிறவாது – தோன்றாது. உறுதுணை – மிக்க துணை; உறு என்பது ஈண்டு மிகுதிப்பொருள் உரிச்சொல். முதலடியில் வினையாய் வந்த உறு வேறு, இது வேறு. துணையைக் கூறுமுன் ஊறு பிறவாமையைக் கூறியது, நல்லெண்ணத்தோடு செய்தனவும் தீங்கு பயத்தல் உண்டாதலின்.

ஊறு மூவகையாற் பிறக்கும். முதலாவது, திரும்பத் திரும்பச் சொல்லுவித்தல். காணாமலாக்கப்பட்டார் தாய்மார், 2010-இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013-இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016-இல் கலந்தாய்வுச் செயலணி, 2018-இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என அடுத்தடுத்து ஒரே துயரைச் சொல்லினர். கேட்டவர் மாறினர், விடை வரவில்லை. 2017 பெப்ரவரி தொட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சு தொட்டு முல்லைத்தீவிலும் அவர் தெருவோரத்துத் தொடர்ந்து அமர்ந்தது இதனால். இனி ஓர் ஆய்வாளர் வந்து வினாக்கொத்து நீட்டுவாராயின், முன் சொன்னவை எங்கே போயின என்பதற்கு விடையோடு வருதல் அவர் கடன்.

இரண்டாவது, முடியாத துயரை முடிக்கச் சொல்லுதல். மகன் இறந்தான் என்றும் அறியாது உளன் என்றும் அறியாது இருப்பாளை ‘மறந்து வாழப் பழகு’ என்பது துணையன்று. இறப்புச் சான்றிதழ் பெற்றாற்றான் உதவி என்ற நிலையும் அத்தகையதே. அதற்கு மாற்றாக, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் குறிக்கும் சான்றிதழ் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தமை ஊறு தவிர்க்கும் நெறியாம்.

மூன்றாவது, உதவியே சுமையாதல். வாழ்வாதாரம் என்னும் பெயரால் வந்த நுண்கடன், பெண் தலைமைத்துவக் குடும்பங்களைக் கிழமைதோறும் வாசலில் நின்று கேட்கும் கடனாளி ஆக்கிற்று. 2018-இல் அரசு, வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற சிறுகடன்களுக்குத் தள்ளுபடி அறிவித்தது. அவ்வாண்டு இலங்கை வந்த ஐ.நா.வின் கடன்சார் நிபுணரும் இதனைத் தனியே எடுத்துக் கூறினார்.

8. தந்தார் அகலினும் தளராதாயின்

தந்தார் – நிதி தந்தவர். அகலினும் – நீங்கினாலும். உம்மை எதிர்மறை, அகலாமையும் உண்டென்பது குறித்தது. தளராது – தொய்யாது. ஆயின் என்னும் நிபந்தனை, முற்கூறிய அறுவகைச் செயலையும் ஒருங்கு தாங்கும்.

அகலுதலை வன்னி கண்கூடாகக் கண்டது. 2008 செப்டெம்பரில் அரசின் பணிப்பால் ஐ.நா. அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு நீங்கின. மக்கள் ஐ.நா. வளாகத்தின் முன் கூடி, போகவேண்டாம் என்று இரந்தனர். அவர் போயினர். அதன்பின் முள்ளிவாய்க்கால் வரை மருத்துவம் செய்து நின்றார், சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா முதலிய அரச வைத்தியரும் உள்ளூர்த் தாதியரும் தொண்டருமே. போர் முடிந்தபின் மூன்று இலட்சத்தை அண்மிய மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்த காலத்தும், மீள்குடியேறிய காலத்தும், 2009-இல் அமைந்த சனாதிபதி செயலணி கட்டடப் பணிக்கு எளிதிலும் உளசமூகப் பணிக்கு அரிதிலும் இசைவளித்தது. மனிக்பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. நிதியும் அவ்வாண்டுகளிற் சுருங்கத் தொடங்கிற்று. எஞ்சி நின்றவை, ஊரார் தாமே தாங்கிய சங்கங்களும், அரச சேவையின் நிரந்தர ஆளணியிற் சேர்க்கப்பட்ட பதவிகளுமே. ஆதலின் ஒரு பணியின் முதலாண்டிலேயே, இதனை இறுதியில் ஏற்பவர் யார் என்று வினவுக.

9. நன்றென மொழிப

நன்று – நன்மையுடைத்து. மொழிப – மொழிவர், பலர்பால் முற்று. ஒருவர் மொழிந்தால் அமையாது, பலர் கூடி ஆராய்ந்து மொழிதல் வேண்டும் என்பது பன்மையாற் பெறப்படும்.

உலகோர் இதற்கு வகுத்த அளவைகள் உளவன்றோ எனின், உள. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் உதவிக் குழு 1991-இல் பொருத்தம், பயன், சிக்கனம், தாக்கம், நிலைபேறு என ஐந்தும், 2019-இல் இயைபு என ஆறாவதும் வகுத்தது. அவற்றுட் பொருத்தம் ‘இசைந்த’ என்பதனுள்ளும், இயைபு ‘பிறர்வழி உய்த்தும்’ என்பதனுள்ளும், பயனும் தாக்கமும் ‘உறுதுணை’ என்பதனுள்ளும், நிலைபேறு ‘தளராது’ என்பதனுள்ளும் அடங்கின. அற்றேல் சிக்கனம் கூறாதது என்னை எனின், மறந்து விட்டதன்று. ஆளொருவர்க்கு ஆகும் செலவைக் குறைத்தலே தரமெனின், A9 வீதியோரத்து ஊர்களே உதவி பெறும். துணுக்காய்க்கும் மாந்தை கிழக்குக்கும் அப்பால் உள்ளார் முதலிற் கைவிடப்படுவர். ஆதலின் சிக்கனம் கணக்காளர் கண்ணில் நிற்கத் தகுவது, தீர்ப்பில் தலைமை பெறத் தகாதது.

10. நலிந்தோர் சொல்லே அதற்குச் சான்றெனத் துணிந்தே

நலிந்தோர் – இடரால் மெலிந்தவர். மெலிந்தது அவர் நிலையே. அவர் சொல் மெலிந்ததன்று. சொல்லே என்னும் ஏகாரம் தேற்றம். சான்று – கரி. துணிந்தே என்புழி ஏகாரம் ஈற்றசை.

நலிந்தோர் முகமன் கூறுவர், உதவி நின்றுவிடும் என்று அஞ்சிப் புகழ்வர்; அவர் சொல் எங்ஙனம் சான்றாம் எனின், வினவும் முறையாற் சான்றாம் என்க. உதவி தந்தவரே வந்து ‘திருப்தியோ?’ என்று கேட்டால், ‘ஓம், நல்லம்’ என்பதே விடை. தந்தவர் அல்லாத ஒருவர், தனியிடத்தில், பெயர் எழுதாது, ‘இதே இடர் உங்கள் தங்கைக்கு வந்தால் அவளை அங்கே அனுப்புவீர்களோ?’ என்று கேட்பின், மெய் வெளிப்படும். அவர் சொன்னதை அவரிடமே மீளக் கொண்டுவந்து, ‘நீங்கள் சொன்னதால் இது மாறிற்று’ என்று காட்டுதலும் இவ்வடியில் அடங்கும்.

நலிந்தோர் சொல்லைச் சான்றாகக் கொள்ளாவழி வரும் கேட்டுக்கும் வன்னியே காட்டு. 2008-09-இல் ஐ.நா. செய்தனவற்றை, அதன் செயலாளர் நாயகம் அமைத்த சார்ள்ஸ் பெட்றி தலைமையிலான உள்ளக மீளாய்வுக் குழு ஆராய்ந்து, 2012 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. உயிரிழப்பைப் பற்றித் தான் திரட்டிய செய்தியை வெளிச்சொல்லத் தயங்கியமை உட்பட, மக்களைக் காக்கும் கடனில் ஐ.நா. அமைப்பளவிலேயே தவறிற்று என்பது அதன் தீர்ப்பு. வளாகத்தின் வாயிலில் நின்று மக்கள் முன்னரே சொன்னது, நான்காண்டு கழித்து அறிக்கையாயிற்று. அச்சொல்லை அந்நாளிலேயே சான்றாகக் கொள்ளுதலே ‘துணிந்து’ என்பதன் பொருள்.

இதனாற் சொல்லியது: துணைப்பணியின் தரம், அதனைப் பெற்றாரும் பெறாதாரும் நின்ற நிலையிலிருந்து, அவர் சொல்லைக் கொண்டே துணியப்படும் என்பதாம்.

கற்பார்க்கு ஒரு சொல்: களத்துக்குச் செல்வோர் இந்நூற்பாவின் பத்தடியையும் மனங்கொள்க. இயலாதாயின் மூன்றாம் அடியையும் இறுதியடியையும் மறவாது கொள்க. எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும், அதில் இல்லாத பெயர் எவருடையது என்று முதலில் வினவுக; அவர் வீட்டுக்குச் செல்க; அவர் சொல்வதை அறிக்கையின் பின்னிணைப்பில் வையாது முதற்பக்கத்தில் எழுதுக.